பச்சை லைற்றை நம்பாத மனுசி

லண்டன் சிற்றியில் இன்றைக்கு நீங்கள் பெரிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குள் போனால், உங்கள் காலுக்குக் கீழேயோ தலைக்கு மேலேயோ நான் இழுத்த வயர் ஓடிக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வந்த புதிதில் பெற்றோல் ஸ்ரேசனில் நின்றேன். பிறகு ஒரு ஐரிஷ்காரனுக்குக் கீழே வயர்ச் சுருள் தூக்கினேன். பிறகு என்ர பெயரில் கொம்பனி, என்ர பெயர் எழுதின வான்கள். என்ர வேலையில் பிழை பிடிக்க வந்தவர்கள் கனபேர். பிடித்தவர் ஒருவருமில்லை. ஆனால் தன்ர வேலையில் பிழை பிடிக்கச் சொல்லி என்னைக் கேட்ட ஆள் என்ர சீவியத்தில் ஒருத்திதான். அந்த மலேசியாக்காரி.

அவவின்ர தொழில் நேரம். கொம்பியூற்றர்களுக்குள் இருக்கிற மணிக்கூடுகளை எல்லாம் ஒன்றுபோல ஓடவைக்கிற புரோகிராம் எழுதுகிறவ. இதைக் கேட்டவுடனே, ஆள் நிமிசம் தவறாதவ என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னால் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்தது கிடையாது. ஆனால் ஆள் வரமுதல் ரெலிபோன் வரும். கிங்ஸ்பரியில் வீட்டுக் கதவைப் பூட்டும்போது ஒரு கோல், "அண்ணே, லேட்டாகும்." ஸ்ரேசனில் நின்று இன்னொரு கோல், ரெயின் இன்னும் வரவில்லையாம். வெம்பிளி பார்க்கில் இறங்கியும் ஒன்று. புது ஸ்ரேடியத்துக்கு அந்தப் பெரிய வளைவைத் தூக்கி நிறுத்தின காலம் அது, றோட்டெல்லாம் லொறி. ஆகவே பஸ்சுக்குள் இருந்தும் ஒன்று. என்ர மனுசி குசினிக்குள் நின்று சொல்லுவா, "இவ வரமுதல் இவவின்ர செய்தி வந்து சாப்பிட்டிட்டுப் போயிடும்."

ஒருநாள் பகிடியாக, நல்ல மணிக்கூடு ஒன்று வாங்கித் தரட்டோ என்று கேட்டேன். அவவுக்குக் கோபம் வரவில்லை.

"மணி எனக்குத் தெரியும் அண்ணே. நான் லேட்டுங்கிறது உங்களுக்குத் தெரியணும்ல, அதுதான் முக்கியம்" என்றா.

லேட் என்று தெரிந்தால் நாங்கள் சாப்பிட்டு முடித்துவிடலாமாம். தெரியாமல் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தால்தான் பிழையாம். அவ வராமல் என்ர மனுசி ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்பது வேறு விசயம்.

அந்த மலேசியாக்காரிக்கு அப்போது நாற்பதைத் தொடாத வயது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் எங்கேயோ பிறந்து, இங்கே படிக்க வந்து, இங்கேயே வேலையும் வீடும் என்றாகிவிட்டவ. கட்டையாக வெட்டின தலைமயிர், வெயிலோ குளிரோ ஒரே சாம்பல் நிறக் கோட், தோளில் ஒரு பை. பைக்குள் கையை விட்டால் லிப்ஸ்ரிக் வராது, வயர் வரும். பேச்சின் வாலில் ஒரு 'லா' தொங்கும். எங்கடை தமிழ் அவவுக்குச் சிரிப்பு, அவவின்ர தமிழ் எங்களுக்குச் சிரிப்பு.

எல்லாம் நல்லது, ஆனால் அவவுக்கு ஒரு வியாதி இருந்தது. சத்தம் இல்லாமல் இருக்கிறதை நம்பமாட்டா. ரெலிபோனில் நான் யோசிக்கிறதுக்கு வாயை மூடினால் போதும், "அண்ணே, இருக்கீங்களா?" என்பா. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டால் சரி, பிறகு எவ்வளவு நேரமும் பொறுமையாக நிற்பா. அவவின்ர கணக்கில் பேசாமல் இருக்கிறவன் இரண்டு விதம். யோசிக்கிறவன் ஒன்று, லைன் அறுந்து போனவன் ஒன்று. எது என்று தெரியாமல் அவவால் மேலே ஒரு சொல்லும் கதைக்க ஏலாது.

வெம்பிளியில் ஒரு தோசைக் கடைக்கு ஒருமுறை எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. பரிமாறுகிற தம்பி, அவ சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அவரை நிறுத்தி, நான் என்ன கேட்டேன், திருப்பிச் சொல்லுங்க என்றா.

"என்னக்கா, வாய்ப்பாடு சோதிக்கிறியளோ?" என்று தம்பி முறைத்தார்.

"ஆமா" என்றா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தம்பி ஒப்புவித்தார். மசாலாத் தோசை, வெறுந்தோசை, சாம்பாரில் உறைப்புக் குறைய. அந்த இடத்தில் அவருக்கே ஞானம் வந்துவிட்டது. சாம்பார் காலமை வைத்த சாம்பார், ஒரே அண்டா, இனி உறைப்பைக் குறைக்க ஏலாது என்றார். என்ர மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, இவ அந்தத் தம்பிக்குத் தாங்க்ஸ் சொன்னா. ஏலாது என்று சொன்னதுக்குத் தாங்க்ஸ். அந்தப் பெடியனுக்கு அன்றைக்கு முழுக்கத் தலை சுற்றியிருக்கும்.

எங்கடை சனத்தின்ர 'பாப்பம்' இருக்கிறதே, அதுதான் அவவுக்குப் பெரிய தலையிடி. என்ர மகளின்ர கலியாணத்துக்குக் காட் கொடுத்தோம். எங்கடை ஆக்களைத் தெரியும்தானே. காட்டை வாங்கினால் வருவேன் என்றும் சொல்லார், வரமாட்டேன் என்றும் சொல்லார். "பாப்பம்" என்பார்கள். நாங்களும் ஒரு பாப்பத்தை அரை ஆள் என்று கணக்குப் பார்த்து உலை வைப்போம். அவவுக்கும் ஒரு காட் போனது. அடுத்த நாளே ரெலிபோன் எடுத்து, அந்தக் கிழமை வேலை விசயமாக வெளிநாட்டில் நிற்பதாகவும் வர ஏலாது என்றும் சொல்லிவிட்டா. என்ர மனுசிக்கு முகம் கறுத்துப்போச்சு.

"கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு மூஞ்சையிலை அடிச்ச மாதிரிச் சொல்லுற சனத்தை இப்பதான் பாக்கிறன்" என்றா.

கலியாணத்தன்று பாப்பம் எல்லாம் பிள்ளைகுட்டி, மச்சான், மாமியோடு வந்து மண்டபத்தை நிறைத்துவிட்டது. கதிரை காணாமல் நான் பட்டு வேட்டியோடு ஓடித் திரிகிறேன். மனுசி என்னை மறித்துக் காதுக்குள் சொன்னா, "சொன்ன சொல்லுப்படி நடந்தது அந்தப் பிள்ளை ஒண்டுதான். வரேல்லை."

இனி நான் அவவை அறிந்த கதைக்கு வருகிறேன். சிற்றியில் பங்கு வாங்கி விற்கிற ஒரு கொம்பனி. றோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய பழைய கட்டடம், அந்தப் பக்கம் புதிது. இரண்டுக்கும் வயர் முழுக்க நான். ஐந்து கொம்பனி கேட்டு, எனக்குக் கிடைத்தது. நேரம் காட்டுகிற புரோகிராம் அவவின்ர கொம்பனி.

அந்த வேலையில் நேரம் ஏன் பெரிசு என்றால், ஒரே பங்கை இரண்டு பேர் கேட்டால் ஆர் முதலில் கேட்டது என்பதில்தான் சண்டை. ஒரு கொம்பியூற்றரின் மணிக்கூடு கண்ணிமைக்கிற நேரம் முந்தி ஓடினாலும் பிந்தினவன் முந்தினவனாகிவிடுவான். ஆகவே பழைய கட்டடத்துக் கூரையில் சற்றலைற்றைப் பார்த்து நேரம் எடுக்கிற பெரிய மணிக்கூடு ஒன்று. அது வயர் வழியாக நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். புதுக் கட்டடத்து மெசின்கள் அதைக் கேட்டுக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். வயர் அறுந்தால் என்ன நடக்கும்? அவ எனக்கு ஒருநாள் படியில் குந்தியிருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு விளக்கினா.

"சின்ன மணி நிக்காது அண்ணே. அது பாட்டுக்கு ஓடும். கொஞ்சம் கொஞ்சமா விலகும். விலகுறது அதுக்கே தெரியாது. அதனால வயரு போச்சுன்னு உடனே கண்டுபிடிச்சு, நான் இப்பத் தனியா ஓடுறேன், என்னை நம்பாதீங்கன்னு அது சொல்லணும். அந்தச் சொல்றதத்தான் நான் எழுதியிருக்கேன்."

அவவின்ர கொம்பனியில் அந்தப் பிரிவுக்குத் தலைமைக் கதிரை காலியாக இருந்தது. இந்தக் கட்டடத்து வேலையைக் கஸ்டமர் சரியென்று எடுத்துக்கொண்டால் கதிரை அவவுக்கு. அவவின்ர மேலாளரே வாயால் சொல்லியிருந்தார். எத்தனையோ வருசமாக அதுக்குத்தான் அவ உழைத்தது. வேலை பிழைத்துப்போனால் வேறு பிரிவில் இருந்து ஒருவரைப் போட ஆயத்தமாக இருந்தார்கள்.

கஸ்டமர் வரமுதல் தங்களுக்குள் செய்து பார்த்த சோதனை நல்லாக நடந்தது. மேலாளர் தன்ர கையால் மெசினுக்குப் பின்னால் இருந்த வயரைப் பிடுங்கினார். அவவின்ர திரையில் பச்சையாக இருந்தது உடனே சிவப்பானது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வயர் என்ர வயர்தானே. அவ மட்டும் தட்டவில்லை. பிறகு என்னிடம் வந்து நின்றா.

"அண்ணே, இந்த பில்டிங்ல எந்த இடத்துல வயரு அறுந்தா யாருக்கும் தெரியாது?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "என்ர வயர் அறாது" என்றேன்.

"உங்க வயரு அறாது. எலி கடிக்கும்ல? வேற கம்பெனிக்காரன் வந்து ட்ரில் போடுவான்ல?"

கெட்டிக்காரி. என்ர மானத்தைக் காப்பாற்றிவிட்டு எலியைக் குற்றவாளி ஆக்கினா. அவவின்ர மனதை அரித்தது என்ன என்று பிறகுதான் சொன்னா. முதலில் அவ எழுதினது, பெரிய மணியின் குரல் கொஞ்சம் கேளாவிட்டாலும் சிவப்புக் காட்டுமாம். வயரில் நெரிசல் கூடின நேரமெல்லாம் சும்மா சிவப்புக் காட்ட, பொய்க் கூச்சல் போடுது என்று மேலாளர் குறைக்கச் சொல்ல, குறைத்திருக்கிறா. இப்போது மெசினில் வயர் செருகிற இடத்துச் சின்ன லைற் அணைந்தால் மட்டும்தான் சிவப்பு. லைற் எரிந்தால், குரல் கேளாவிட்டாலும் நெரிசலாக்கும் என்று அது பொறுத்துக்கொண்டு இருக்கும்.

இதைக் கேட்டவுடனே நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் லைற்றைப் பற்றி லண்டனில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் போகிறது பைபர், கண்ணாடி இழை. அதுக்குள் வெளிச்சம்தான் ஓடும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்னப் பெட்டி, வெளிச்சத்தைச் செம்பு வயருக்கு மாற்றிக் கொடுக்க. அந்தப் பெட்டியில் நகக்கண் அளவில் ஒரு சுவிச் இருக்கு. அதைப் போட்டு வைத்தால், கண்ணாடி அறுந்தவுடன் செம்புப் பக்கத்து லைற்றும் அணையும். போடாவிட்டால் கண்ணாடி அறுந்தாலும் செம்புப் பக்கம் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். இந்தத் தொழிலில் உள்ள ஒருவரும் அதைப் போடுவதில்லை. போட்டால், இந்த முனை வேலை முடிந்து அந்த முனை முடியாத நேரத்தில் லைற் ஒன்றும் எரியாது. கட்டட மனேஜர் வந்து, என்ன லைற்றைக் காணேல்லை, வேலை செய்யத் தெரியாதோ என்று கத்துவான். பச்சை எரிந்தால் அவன் பேசாமல் போய்விடுவான். அதனால் பெட்டியை எடுத்தவுடன் நகத்தால் அந்தச் சுவிச்சைத் தட்டி நிற்பாட்டிவிடுகிறது எங்கள் எல்லாருடைய கைப்பழக்கம். பெட்டியோடு வாற தாளில் எல்லாம் எழுதியிருக்கும். அதை ஆர் வாசிக்கிறான்?

நிலப் பலகையைக் கிளப்பி, கீழே இருந்த பெட்டியைக் காட்டினேன். "பைபரைக் கழட்டினாலும் உம்மடை மெசினுக்குப் பச்சைதான் தெரியும் தங்கச்சி" என்றேன்.

பாருங்கோ, ஒருவருக்கு அவருடைய புரோகிராமின் கழுத்தை எங்கே அறுக்கலாம் என்று நீங்கள் சொன்னால் அவர் என்ன செய்வார்? இந்த மனுசி முழங்காலில் இருந்தபடி என்ர கையைப் பிடித்துக் குலுக்கினா. முகமெல்லாம் சிரிப்பு. பரிசு விழுந்த ஆள் மாதிரி. எத்தனையோ படித்தவர்களிடம் கேட்டும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்களாம். அந்த நல்லாயிருக்கைக் கேட்டுக் கேட்டு அவவுக்குப் பயமே வந்துவிட்டதாம்.

அடுத்த நாள் கஸ்டமரின் பெரியவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கிற நாள். நான் நாலு இடம் பார்த்தவன், புத்தி சொன்னேன்.

"பேசாமல் இரும். நாளைக்கு முதலிலை கதிரையிலை ஏறும். ஏறின பிறகு ஆறுதலாய்த் திருத்தும். அந்தச் சுவிச்சை நான் இப்பவே போட்டு விடுறன், ஒருத்தருக்கும் தெரியாது."

"இந்தப் பெட்டியில போடுவீங்க. நாளைக்கு வேற யாரோ வந்து வேற பெட்டி மாட்டுவாங்க அண்ணே. பச்ச லைட் எரியும். நான் கதிரையில உக்காந்திருப்பேன்." பிறகு பெட்டியைக் காட்டினா. "நாளைக்கு நீங்க வந்து பிடுங்கணும். அவர் முன்னாடி."

"உம்மடை கழுத்தை என்னைக் கொண்டு அறுக்கச் சொல்லுறீரோ?"

"ஆமா லா" என்றா.

போனேன். கஸ்டமரின் பெரியவர் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர், மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும், பேச்சுக் குறைவு. மேலாளர் வழக்கம்போலப் பின் வயரைப் பிடுங்கிச் சிவப்புக் காட்டினார். பெரியவர் பேனையை எடுத்தார். அந்த நேரம் அவ, இன்னொன்று இருக்கு என்று சொல்லி என்னைப் பார்த்தா. நான் பலகையைக் கிளப்பி, பைபரைக் கழற்றி, எல்லாரும் பார்க்கக் கையில் தூக்கிப் பிடித்தேன். கட்டடம் இரண்டாக அறுந்து என்ர கையில் தொங்குது. திரையில் பச்சை. நேரம் அழகாக ஓடிக்கொண்டிருக்கு. எல்லாம் நலம் என்று காட்டுது.

இது இப்படியே எவ்வளவு நேரம் இருக்கும் என்று பெரியவர் கேட்டார். ஆராவது வந்து பலகையைக் கிளப்பிப் பார்க்கிற வரைக்கும் என்று அவ சொன்னா. மேலாளரின் கழுத்து, திரையில் வர வேண்டிய சிவப்பு முழுக்கத் தன்னிடம் வந்ததுபோல இருந்தது. பெரியவர் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். எல்லாருக்கும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுக் கட்டடம் திறக்கிறது தள்ளிப்போனது.

வானுக்குள் ஏறினபோது என்ர வேலைக்காரப் பெடியன் ஒருவன் கேட்டான், "என்னண்ணை, அந்த அக்காவின்ர சீட்டைக் கிழிச்சிட்டு வாறியளோ?" அவன் சொன்னது சரியாகத்தான் முடிந்தது. அந்தக் கிழமையே கதிரை வேறு பிரிவில் இருந்து வந்த ஒரு நெட்டை வெள்ளைக்காரருக்குப் போனது. எனக்கு அது உடனே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு முதல் அவ எங்களுக்கு ரெலிபோன் எடுக்கிறது வழக்கம். விசயம் ஒன்றும் இராது. சும்மாதான் அண்ணே, நல்லா இருக்கேன், நீங்க? அவ்வளவுதான். அந்த ஞாயிறு கோல் வரவில்லை. வேலையாக்கும் என்றேன் நான். என்ர மனுசி வெங்காயம் வெட்டுகிறதை நிற்பாட்டினா.

"வேலையெண்டால் வேலையெண்டு சொல்லவும் எடுக்கிற பிள்ளையல்லோ அது. எழும்புங்கோ, போவம்."

கிங்ஸ்பரிக்குப் போனோம். மணி அடித்துக் கனநேரம் கழித்துக் கதவு திறந்தது. வீட்டுக்குள்ளும் அந்தச் சாம்பல் கோட்டோடு நின்றா. கண் இரண்டும் வீங்கியிருந்தது. கதிரை போன கதையை வாசலில் நின்றே சொன்னா.

"என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா. அதான் எடுக்கல."

"தெரியேல்லை எண்டு சொல்ல எடுத்திருக்கலாமே பிள்ளை" என்றா என்ர மனுசி.

அதுக்குப் பிறகுதான் அவ வாய் விட்டு அழுதா. மனுசி அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போக, நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். எனக்குக் குற்றமாக இருக்கவில்லை, உண்மையைச் சொல்லுகிறேன். பெருமையாக இருந்தது. அறுத்துக் காட்டச் சொல்லி ஒரு மனுசி என்னைத் தெரிவு செய்தா, நான் சுத்தமாக அறுத்துக் காட்டினேன். அழுகிறது வேறு, பிழை விடுகிறது வேறு. அன்றைக்கு அவ எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டா. எங்களோடு காரில் வந்தபடியால், அந்த ஒரு நாள்தான் லேட்டாகாமல் வந்தது.

கதிரை இல்லாமலே திருத்துகிற வேலையைத் தொடங்கினா. இனி லைற்றை நம்புகிறதில்லை. பெரிய மணியின் குரல் வர வேண்டிய இடைவெளியில் வரவில்லை என்றால், இத்தனை முறை தவறினது என்று பார்த்து, அறுந்தது என்று எடுக்க வேணும். நெரிசலுக்குத் தவறுகிறதையும் அறுந்ததையும் பிரித்தறிய வேணும். அதுதான் கஷ்டமாம், மாதக்கணக்கில் இழுத்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை கோல் வராததை வைத்து என்ர மனுசி கண்டுபிடித்த முறைதானே இது, எங்கள் வீட்டில் களவெடுத்தது என்று நான் சொன்னேன். அவ சிரித்தா.

"இல்லண்ணே, இது ரொம்பப் பழைய முறை. அக்காவுக்கும் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

வேறு ஒருத்தி என்றால் என்னை மாதிரிப் பெரிய மனுசனைச் சந்தோசப்படுத்த ஓம் என்று சொல்லியிருப்பா.

இரண்டாவது சோதனைக்கு நாள் குறித்தபோது கஸ்டமரின் பெரியவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். போனமுறை பிடுங்கின அந்தக் கேபிள்காரன் வர வேணும். கொம்பனிக் கடிதத் தலைப்பில் எனக்கு அழைப்பு வந்தது. மகளின்ர கலியாண ரிசெப்சனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பலகையைக் கிளப்ப முழங்காலில் இருக்கிறபோது தையல் பிரியுமோ என்று மட்டும் பயம்.

நெட்டை மேலாளர் ஒவ்வொரு சோதனையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். பின் வயர்ச் சோதனை, மின்சாரம் நிற்கிற சோதனை, நெரிசல் சோதனை. அடுத்ததாக ஒரு சொல்லைச் சொன்னார், நாக்குத் தடக்கி, நடுவில் ஓரெழுத்தை விழுங்கி. ஆனால் என்ர பெயர்தான். நான் அவவைப் பார்த்தேன். அவ திரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னா, "அன்னைக்கு நீங்க பிடுங்கினீங்கல்ல, அந்த டெஸ்ட்டுக்கு அதுதான் பேரு. ஆறு மாசமா ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில், பட்டம் எடுத்தவர்கள் காலமை வந்து கோப்பியைக் குடித்துவிட்டு என்ர பெயரைச் சொல்லி வேலை தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் தையல் பிரிந்திருந்தாலும் நான் அறிந்திருக்கமாட்டேன்.

முழங்காலில் இருந்தேன். பைபர் என்றால் ஒன்றல்ல, சோடி. போகிற இழை ஒன்று, வாற இழை ஒன்று. எல்லாரும் நான் சோடியாகக் கழற்றுவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு வேறு ஒரு எண்ணம் வந்தது. போகிற இழையை மட்டும் கழற்றினேன். இப்போது பெரிய மணி சொல்லுகிறது சின்ன மணிக்குக் கேட்கும். அந்தக் குரல் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று சின்ன மணி திருப்பிக் கேட்கிறது மேலே போகாது, அது தெரியாமல் நேரத்தைச் சரியாகத் திருத்த ஏலாது. செவிடு இல்லை, ஊமை. முன்கூட்டி ஒருவருக்கும் சொல்லவில்லை, அவவுக்கும்தான்.

பச்சை நின்றது. நெட்டையர் என்ர கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவவின்ர சாம்பல் கோட்டுக்குள் கை இரண்டும் புகுந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது. 'குரல் கேட்குது, எனக்குப் பதில் இல்லை, தனியாக ஓடுகிறேன்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினது. திருப்பிச் செருகினேன். சிவப்பு உடனே போகவில்லை. விலகின நேரத்தைக் குதிக்காமல் மெல்ல மெல்லச் சரிக்கட்டின பிறகுதான் பச்சை வந்தது.

அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி, களிப்புப் பாதி. "சொல்லாமச் செஞ்சிட்டீங்கல்ல" என்றா.

"சொல்லிப்போட்டுப் பிடுங்கிறதெண்டால் எலி என்னத்துக்கு?" என்றேன்.

நெட்டை மேலாளர், எந்த வயர் எங்கே அறுந்தாலும் இனி இது கண்டுபிடிக்கும் என்று உறுதியாகச் சொல்லி, தாளைப் பெரியவரின் பக்கம் தள்ளினார். பெரியவர் பேனையைத் தொடவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மேலாளரைத் தாண்டி, சுவரோடு நின்ற அவவைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள் என்று கேட்டார்.

யோசிக்க வேணும் என்று அவ சொன்னா. சொல்லிவிட்டு யோசித்தா. பெரியவர் காத்திருந்தார். பிறகு அவ, இவர் இதுவரைக்கும் பிடுங்கினது எல்லாம் பிடிபட்டிருக்கு, இவருக்கு இனி என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது, தோன்றினால் வந்து பிடுங்கிக் காட்டச் சொல்லுவேன் என்றா. நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் அந்த நாளில் முதல் தரமாகச் சிரித்து, பேனையைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

கதிரை நெட்டையரிடம்தான் இருந்தது. அதுக்குப் பிறகும் கனகாலம் இருந்தது. ஆனால் வேலை முடிந்து எல்லாரும் எழும்பினபோது, பெரியவர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முதல் போனது அவ. அடுத்தது நான். நெட்டையரும் மற்ற மேலாளர்களும் எங்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.